உப்பு தண்ணிக்கு மட்டும்தான் போகும்: கீழக்கரையில ஒரு ஜூக்பாக்ஸை பாட வச்ச அனுபவம்

தடைக்காலம் வந்துட்டா எனக்கு வேலை பாதியா குறைஞ்சிரும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல எல்லா போட்டும் கரையில கெடக்கும், முத பத்து நாள் கடல் ஆழம் காட்டுற எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ் செட்டுன்னு கழட்டிக் கொண்டாந்து குடுப்பாங்க, அதுக்கப்பறம் பட்டறையில உக்காந்து ஈ ஓட்டணும். அப்பிடி ஒரு தடைக்காலத்துலதான் கீழக்கரையில இருந்து ஒரு காக்கா போன் பண்ணுனாரு, அங்க முஸ்லிம் வீடுகள்ல அண்ணனை காக்கான்னுதான் கூப்புடுவாங்க. "தம்பி, நீங்க முந்தி மைக்செட் வேலை பாத்தவருன்னு சொன்னாங்க, எங்க வாப்பா சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த ரிக்கார்டு பொட்டி ஒண்ணு கெடக்கு, காசு போட்டா பாடுற பொட்டி, வந்து பாக்க முடியுமா"ன்னு கேட்டாரு. ஏதோ ரேடியோகிராமா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு போனேன். முன்கட்டுல ஒரு ஓரமா சாக்கு போட்டு மூடி வச்சிருந்தாங்க, சாக்கை எடுத்தா என் நெஞ்சு உயரத்துக்கு நிக்கிது, முன்னாடி குரோமியம் பட்டி, மேல வளைஞ்ச கண்ணாடி, கீழ வரிசையா எழுத்தும் நம்பரும் போட்ட பட்டன். அசல் ஜூக்பாக்ஸ். பதினஞ்சு வருசம் மைக்செட்ல ரிக்கார்டு போட்டவன் நான், ஆனா ஜூக்பாக்ஸை நேர்ல பாத்தது அன்னிக்குத்தான்.

பின்னாடி கதவுல ஒரு தகடு, பாதி எழுத்து துரு தின்னுருச்சு, சிகாகோன்னு மட்டும் படிக்க முடிஞ்சுச்சு. அமெரிக்காவுல அந்தக் காலத்துல ஜூக்பாக்ஸ்னா பெரிய கம்பெனி நாலு, வுர்லிட்சர், சீபர்க், ராக்-ஓலா, ஏஎம்ஐ. இதுல சீபர்க்கும் ராக்-ஓலாவும் சிகாகோ. சீபர்க்ல ரிக்கார்டு எல்லாம் ஒரே நேர் வரிசையில புத்தகம் அடுக்குன மாதிரி நிக்கும், பாடுற பொறி ஒரு தண்டவாளத்துல இங்கிட்டும் அங்கிட்டும் ஓடி எடுக்கும். இதுல அப்பிடி இல்ல, ரிக்கார்டு வட்டமா ஒரு சக்கரத்துல செருகி இருக்கு, சக்கரம் சுத்தி வந்து நிக்கும், ஒரு கை வந்து ரிக்கார்டை கவ்வி எடுத்து டர்ன்டேபிள்ல, அதாவது சுத்துற தட்டுல வைக்கும், அதனால ராக்-ஓலான்னு முடிவு பண்ணுனேன். அந்தப் பேரு ஏதோ ராக் மியூசிக்ல இருந்து வந்துச்சுன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க, அது அந்தக் கம்பெனி ஓனரோட பேரு, டேவிட் ராக்கோலா.

80 ரிக்கார்டு, ரெண்டு பக்கமும் சேத்து 160 பாட்டு. வாப்பா சிங்கப்பூர்ல சாப்பாட்டுக் கடை வச்சிருந்தாராம், கடையில இது நின்னுச்சாம், கடையைக் குடுத்துட்டு ஊருக்கு வரும்போது மத்த சாமானை எல்லாம் வித்துட்டு இதை மட்டும் பலகை அடிச்சு ரஜூலா கப்பல்ல ஏத்தி நாகப்பட்டினத்துல எறக்கி லாரியில கொண்டாந்திருக்காரு. காசுப் பொட்டியைத் தெறந்தா உள்ள இன்னமும் சிங்கப்பூர் காசு கெடந்துச்சு. 10 காசுல கடல்குதிரை, 20 காசுல வாள்மீன். 1967ல சிங்கப்பூர் முதமுதல்ல சொந்தக் காசு அடிச்சப்ப போட்ட படம் அதுக. கையில வச்சு பாத்தப்ப எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு, நம்ம மன்னார் வளைகுடாவுல கெடக்குற கடல்குதிரை சிங்கப்பூர் காசுல ஏறி மறுபடி கீழக்கரைக்கே வந்து படுத்திருக்கு.

காக்காவோட மருமகன் நல்ல பையன், துபாய்ல வேலை, லீவுக்கு வந்திருந்தாரு. நான் உள்ள எட்டிப் பாக்கும்போதே ப்ளக்கை எடுத்துக்கிட்டு சுவிட்ச் போர்டு பக்கம் போயிட்டாரு, சும்மா லைட் எரியுதான்னு பாக்கலாம் அண்ணேன்னு. ஓடிப்போய் கையைப் புடிச்சேன். அமெரிக்க மெஷின் 117 வோல்ட், நம்ம வீட்டுல 230. அது ஒரு காரணம். அதைவிட பெரிய காரணம், முப்பது வருசமா கெடந்த எந்த சாமானுக்கும் முதல்ல கரண்ட் குடுக்கவே கூடாது. உள்ள எலி வயரைக் கடிச்சிருக்கலாம், கிரீஸ் கல்லா எறுகியிருக்கலாம், மோட்டார் சுத்த முடியாம நின்னு காயில் எரியும், இல்லாட்டி மோட்டார் சுத்தி பல்சக்கரம் ஒடையும். காயில் எரிஞ்சா ரீவைண்டிங் பண்ணிக்கிறலாம், பழைய வார்ப்பு பல்சக்கரம் ஒடைஞ்சா எங்க போய் வாங்குறது? கரண்ட் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாகத்தையும் கையால சுத்திப் பாருங்க. கை சொல்ற விசயத்தை மீட்டர் சொல்லாது. எங்க இறுகுது, எங்க லூசா ஆடுது, எங்க கரகரங்குதுன்னு விரல் நுனியில தெரிஞ்சிரும்.

இதுல சக்கரம் கால் சுத்து வந்து நின்னுருச்சு. கவ்வுற கை அசையவே இல்ல. பாத்தா கிரீஸ் எல்லாம் பழுப்பு நெறத்துல பனங்கருப்பட்டி மாதிரி எறுகிப் போயிருக்கு. பாகத்தைக் கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல நூத்தம்பது போட்டோ எடுத்தேன், ஒவ்வொரு வயர்லயும் மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பர் எழுதுனேன், ஸ்க்ரூ எல்லாம் தனித்தனியா மாத்திரை டப்பாவுல. இது சலிப்பான வேலைதான், ஆனா ஒரு வாரம் கழிச்சு மாட்டும்போது அந்த போட்டோதான் தெய்வம். அலுமினிய பாடியில இரும்பு ஸ்க்ரூ போட்ட எடமெல்லாம் நம்ம உப்புக்காத்துக்கு வெள்ளையா பூத்து ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அதை முறுக்கி ஒடைச்சிராதீங்க, சால்டரிங் அயனை ஸ்க்ரூ தலையில வச்சு நல்லா சூடேத்தி ஆற விட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுநா கழட்டுங்க. பழைய கிரீஸுக்கு பெட்ரோலும் பல் தேய்க்கிற ப்ரஷும் போதும், வெளிய திறந்த எடத்துல வச்சு செய்ங்க, ரப்பர்ல மட்டும் பட விடாதீங்க. ஸ்ப்ரே அடிச்சா எல்லாம் ஓடும்னு ஒரு நம்பிக்கை ஊருக்குள்ள இருக்கு. அந்த ஸ்ப்ரே எறுகுனதை எளக்கிக் குடுக்கும், அதோட சரி, ஒரு மாசத்துல காஞ்சுரும், மிச்சமிருக்க பிசுபிசுப்புல தூசி ஒட்டும். பெயரிங்குக்கு தையல் மெஷின் எண்ணெய், பல்சக்கரத்துக்கு புது கிரீஸ் கொஞ்சமா. கொஞ்சமான்னா உண்மையிலயே கொஞ்சமா.

எலக்ட்ரிக்கல் பக்கம் வந்தா, மைக்செட்காரங்க எல்லார்கிட்டயும் இருக்கிற சீரிஸ் போர்டுதான் எனக்குப் பெரிய துணை. 100 வாட் குண்டு பல்பு ஒண்ணை லைன்ல சீரிஸா போட்டு அதுக்கு அப்பறம் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர். உள்ள எங்கயாச்சும் ஷார்ட் இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியும், மெஷின் பொழைச்சுக்கும். இங்க ஒரு விசயம் கவனிங்க, ஸ்டெப்டவுன் வாங்கும்போது 117க்கு வாங்காதீங்க, 110 இல்லாட்டி 105 டேப்பிங் உள்ளதா வாங்குங்க. ஏன்னா அமெரிக்க மெஷின் 60 ஹெர்ட்ஸுக்கு செஞ்சது, நம்மது 50. அதே வோல்ட்டை கம்மி ஹெர்ட்ஸ்ல குடுத்தா டிரான்ஸ்பார்மரோட இரும்புல காந்தம் அதிகமா ஏறும், சும்மா இருக்கும்போதே சூடாகும். வோல்ட்டைக் கொஞ்சம் கொறைச்சுக் குடுத்தா நிம்மதியா ஓடும். பழைய ரெண்டு முள்ளு ப்ளக்கை வெட்டிட்டு மூணு முள்ளு போட்டு பாடிக்கு எர்த் குடுத்துருங்க, வீட்டுல சின்னப் புள்ளைங்க தொடுற சாமான்.

ஆம்ப்ளிபயர் வால்வு செட். 6எல்6 பவர் வால்வு ரெண்டு, ஏசியை டிசியா மாத்துற 5யூ4 ரெக்டிபையர் வால்வு, சின்ன வால்வு நாலஞ்சு. இதுக்குள்ள 400 வோல்ட் டிசி இருக்கும், ப்ளக்கைப் புடுங்குனதுக்கு அப்பறமும் கண்டன்சர்ல நிக்கும், ஆளைக் கொல்லும். ஒரு 10 கே வயர்வவுண்ட் ரெசிஸ்டரை இன்சுலேசன் போட்டு கண்டன்சருக்கு குறுக்க புடிச்சு, மீட்டர்ல வச்சு பூஜ்யம் வந்துருச்சான்னு பாத்துட்டுத்தான் கை வைக்கணும், ஒரு கை பாக்கெட்ல இருக்கட்டும். முதல்ல ரெக்டிபையர் வால்வைக் கழட்டி வச்சுட்டு கரண்ட் குடுத்தேன், ஹீட்டர் எல்லாம் செவப்பா எரிஞ்சுச்சு, நல்ல சகுனம். பழைய பேப்பர் கண்டன்சரை எல்லாம் ஒண்ணு விடாம மாத்திட்டேன், 630 வோல்ட் பாலியஸ்டர் மதுரையில கெடைக்குது, வெலையும் ஒண்ணும் இல்ல. இதுல சிக்கனம் பாக்காதீங்க. முந்துன வால்வுல இருந்து பவர் வால்வுக்கு சவுண்டைக் கடத்துற கண்டன்சர் லீக்கானா பவர் வால்வோட கிரிட்டுக்கு பிளஸ் வோல்ட் போயிரும், வால்வு உள்ள தகடு பழுக்கக் காய்ச்சுன இரும்பு மாதிரி செவக்கும், அப்பிடியே அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் சேத்துக் கொண்டு போயிரும்.

இதெல்லாம் முடிச்சு பத்தாவது நாள் ரிக்கார்டு சக்கரம் சுத்துச்சு, கை போய் கவ்வுச்சு, தட்டுல வச்சுச்சு, ஊசி எறங்கி பாட்டு வந்துச்சு. வீடே கூடிருச்சு. காக்கா கண்ணுல தண்ணி. நானும் ரொம்ப சந்தோசமா அஞ்சரை மணி பஸ்ஸுக்கு கெளம்பப் போனேன், பையை தோள்ல மாட்டுறேன், பொட்டி தன்னால சுத்த ஆரம்பிச்சுருச்சு. யாரும் பட்டனைத் தொடல. ஒரு ரிக்கார்டை எடுக்குது, பாடுது, வைக்கிது, அடுத்ததை எடுக்குது. ஒரு பட்டனை அமுத்துனா ரெண்டு மூணு பாட்டு சேந்து விழுகுது. நிப்பாட்டி, பாட்டு தேர்வு பண்ற போர்டு பூரா காண்டாக்ட் க்ளீனர் அடிச்சேன், சரியாயிருச்சு, அரை மணி நேரம் கழிச்சு மறுபடியும் அதே கூத்து. மறுநா காலையில பத்து மணிக்குப் போய்ப் போட்டா, தங்கமா பாடுது. ஒரு கொறை இல்ல. சாயங்காலம் ஆனா மறுபடி ஆரம்பிக்கும்.

இந்த எடத்துலதான் நான் மூணு நாளை வீணாக்குனேன், அதனால கொஞ்சம் விரிவா எழுதுறேன். ரிலே காண்டாக்டுன்னு நெனச்சு எல்லா ரிலேயையும் சுத்தம் பண்ணுனேன். வெள்ளிக் காண்டாக்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக்கூடாது, மேல் பூச்சு போயிரும், விசிட்டிங் கார்டை சின்னதா நறுக்கி நடுவுல விட்டு இழுத்தாலே கருப்பு வந்துரும், அதைச் செஞ்சேன், பிரயோசனம் இல்ல. சூட்டுல ஏதாவது மாறுதான்னு பாத்தேன், அதுவும் இல்ல, ஏன்னா சாயங்காலம் புதுசா ஆன் பண்ணுனாலும் அதே கோளாறு. கடைசியில ஒரு நோட்டுல நேரத்தோட எழுத ஆரம்பிச்சேன், எத்தனை மணிக்கு நல்லா இருக்கு, எத்தனை மணிக்கு கெடுதுன்னு. மூணு நாளும் நாலரைக்கு மேல, அஞ்சுக்குள்ள. அந்த நேரத்துக்கு கீழக்கரையில என்ன நடக்கும்? தென்கடல்ல இருந்து காத்து ஏறும். முன்கட்டு ஜன்னல் தெற்க பாத்து இருக்கு, கடல் கூப்புடு தூரம். ஈரப்பதம் காட்டுற சின்ன டிஜிட்டல் டப்பா ஒண்ணு வாங்கி பொட்டிக்குள்ள வச்சேன். மத்தியானம் 61. சாயங்காலம் 82.

சமையக்கட்டு உப்புச் சாடியை நெனச்சுப் பாருங்க, வெயில் நேரத்துல பொலபொலன்னு இருக்கும், மழைக்காத்து அடிச்சா கசிஞ்சு தண்ணி விடும். உப்போட கணக்கு அதுதான், காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுனா காத்துல இருக்க தண்ணியை இழுத்து தானும் கரைஞ்சிரும். காஞ்ச உப்பு கரண்ட் கடத்தாது. கரைஞ்ச உப்புத்தண்ணி நல்லா கடத்தும். அம்பது வருசமா கடக்காத்துல வந்த உப்பு அந்த தேர்வுப் போர்டு மேல கண்ணுக்குத் தெரியாம படிஞ்சு கெடக்கு, பகல்ல அது தூங்குது, சாயங்காலம் முழிச்சு ஒரு காண்டாக்டுக்கும் பக்கத்து காண்டாக்டுக்கும் நடுவுல பாலம் போடுது. நிச்சயம் பண்ணிக்க ஒரு காரியம் செஞ்சேன். கரண்டை எடுத்துட்டு, மத்தியானம், மீட்டரை மெகாஓம்ல வச்சு பக்கத்துப் பக்கத்து ரெண்டு காண்டாக்ட்ல குத்துனேன், மீட்டர் அசையல. அப்பிடியே முகத்தைக் கிட்டக்க கொண்டு போய் கண்ணாடியைத் தொடைக்க ஊதுவோமே அந்த மாதிரி ஹா…ன்னு வாயால ஊதுனேன். மீட்டர் எறங்குது, 2 மெகா, 400 கே, 90 கேன்னு கண்ணு முன்னாடி சரிஞ்சுக்கிட்டே வருது. பத்து எண்ணுறதுக்குள்ள ஆவி காஞ்சதும் மறுபடி ஏறிப் போச்சு. காக்காவைக் கூப்புட்டு காமிச்சேன், அவரையும் ஊதச் சொன்னேன்.

அப்ப ஏன் க்ளீனர் அடிச்சும் போகல? அதுலதான் விசயமே இருக்கு. கடையில விக்கிற காண்டாக்ட் க்ளீனர், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பெட்ரோல், இது எல்லாமே எண்ணெய்ப் பசையை எடுக்கும், உப்பை எடுக்காது. உப்பு அதுல கரையாது. அடிச்சவுடனே ஈரம் காஞ்சு அரை மணி நேரம் நல்லா இருக்கும், உப்பு அங்கேயேதான் இருக்கும், இல்லாட்டி ப்ரஷ்ல தள்ளிக்கிட்டு பக்கத்துல போய் உக்காரும். உப்பு தண்ணிக்கு மட்டும்தான் போகும். எக்கோ சவுண்டர் கடல் தண்ணியில விழுந்துருச்சுன்னு எவன் போன் பண்ணுனாலும் "மொதல்ல நல்ல தண்ணியில முக்கி வை, அப்பறமா என்கிட்ட கொண்டா"ன்னு சொல்ற ஆளு நான், வருசம் பூரா சொல்றேன். ஜூக்பாக்ஸுங்கவும் எலக்ட்ரிக் சாமான்ல தண்ணியான்னு ஒரு பயம் வந்து மறைச்சிருச்சு. கரண்ட் இல்லாத போர்டுக்கு தண்ணி எதிரி கெடையாது, காயாத தண்ணிதான் எதிரி, உப்பு இருக்க தண்ணிதான் எதிரி.

அதனால என்ன தண்ணிங்கிறது முக்கியம். கீழக்கரை கெணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாது, அதுல கழுவுனா இருக்க உப்போட இன்னும் உப்பு சேரும். பேட்டரிக் கடையில டிஸ்டில்டு வாட்டர் அஞ்சு லிட்டர் கேன் மூணு வாங்குனேன். தேர்வுப் போர்டையும் காண்டாக்ட் பட்டிகளையும் மட்டும் தனியா கழட்டி எடுத்தேன். டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர், மோட்டார், பேப்பர் சுத்துன காயில் இதுல எதையும் தண்ணியில நனைக்கக் கூடாது, அதை மறந்துறாதீங்க. ஒரு ப்ளாஸ்டிக் ட்ரேயில தண்ணி ஊத்தி, மெல்லிசான பெயின்ட் ப்ரஷ்ல அலசி, அந்த அலசுன தண்ணியில ஆர்ஓ மெஷின்காரங்க வச்சிருப்பாங்களே, தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குற டிடிஎஸ் மீட்டர், அதை விட்டுப் பாத்தேன். மொத அலசல்ல 940. கண்ணுக்கு சுத்தமா தெரிஞ்ச போர்டுல இருந்து! ரெண்டாவது 310, மூணாவது 85, நாலாவது 30, அஞ்சாவது 12. அதோட நிப்பாட்டுனேன். வெயில்ல நேரா வச்சா பழைய பைபர் போர்டு வளையும்னு ஒரு அட்டைப் பொட்டிக்குள்ள 60 வாட் பல்பு போட்டு ரெண்டு நாள் காய வச்சேன். அதுக்கப்பறம் ராமநாதபுரத்துல மோட்டார் ரீவைண்டிங் கடையில இன்சுலேசன் வார்னிஷ் கொஞ்சம் வாங்கி, காண்டாக்ட் எல்லாத்தையும் டேப்பால மறைச்சுட்டு நடுவுல இருக்க போர்டுக்கு மட்டும் மெல்லிசா ஒரு கோட்டிங். மாட்டுனதுக்கு அப்பறம் மொத சாயங்காலம் நாலு மணிக்கே போய் உக்காந்துட்டேன். அஞ்சு, ஆறு, ஏழு. டப்பா 84 காட்டுது. பொட்டி சொன்ன பாட்டை மட்டும் பாடுச்சு. கடக்கரை ஊர்ல எந்தப் பழைய எலக்ட்ரானிக் சாமானை எடுத்தாலும், காலையில நல்லா இருந்து சாயங்காலம் கெட்டா, இல்ல வெயில்ல சரியாகி மழையில படுத்தா, பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாயால ஊதிப் பாருங்க.

அடுத்தது ஸ்பீடு. இதைக் கண்டுபுடிச்சது நான் இல்ல, காக்காவோட உம்மா. எம்பது வயசு தாண்டுனவங்க, உள்கட்டுல கட்டில்லயே கெடந்துதான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. "மவனே, எல்லாப் பாட்டும் ஒப்பாரி மாதிரி இழுக்குது, பொம்பளைக் குரலு ஆம்பளைக் குரலா கேக்குது, அவுங்க இருக்கப்ப இது இப்பிடி இல்ல"ன்னு சொன்னாங்க. நானும் இழுவையை கவனிச்சேன், பெயரிங் இன்னும் எளகலன்னு நெனச்சு விட்டுட்டேன். அவுங்க சொன்னதுக்கு அப்பறம் லேபிள்ல ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, போன்ல ஒரு நிமிசம் டைமர் வச்சு சுத்தை எண்ணுனேன். இந்த ரிக்கார்டுக்கு நிமிசத்துக்கு 45 சுத்து வரணும். முப்பத்தேழரை வந்துச்சு. மறுபடி எண்ணுனேன், அதே முப்பத்தேழரை. பெயரிங் புடிச்சா ஸ்பீடு கண்டபடி ஏறி எறங்கும், இம்புட்டு கறாரா ஒரே எண்ணுல நிக்காது. 45ஐ 60ஆல வகுத்து 50ஆல பெருக்கிப் பாருங்க, சரியா 37.5. மோட்டார்ல ஒரு குத்தமும் இல்ல, 60 ஹெர்ட்ஸ் மோட்டார் 50 ஹெர்ட்ஸ்ல என்ன ஓடணுமோ அதைத்தான் ஓடுது. ஆர்மோனியக் கணக்குல மூணு கட்டையில பாடுன பாட்டு ஒன்றரைக் கட்டைக்கு எறங்கிரும், அதான் உம்மா காதுல ஒப்பாரியா விழுந்திருக்கு. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் கொறைக்கும், ஹெர்ட்ஸை மாத்தாது, இது தெரியாம அமெரிக்க டர்ன்டேபிள் வாங்கிட்டு மோட்டாரைத் திட்டுற ஆளுக நெறைய பேரு.

சிங்கப்பூர்லயும் 50 ஹெர்ட்ஸ்தான், அப்ப அங்க எப்பிடி சரியா பாடுச்சு? மோட்டார் தண்டுல ஒரு பொடி ஸ்க்ரூ பதிஞ்ச தழும்பு இருந்துச்சு, அந்த எடத்துல முந்தி தண்டு மேல வளையம் மாதிரி ஒரு புஷ் மாட்டியிருந்திருக்காங்க. இடையில யாரோ வேலை பாத்தப்ப அது என்னன்னு தெரியாம கழட்டிப் போட்டிருக்கணும். தண்டோட விட்டத்தை 1.2 மடங்கு ஆக்குனா போதும், ரப்பர் சக்கரம் அதுல உரசித்தான தட்டை சுத்துது. வெர்னியர்ல அளந்தா 6.00 மில்லி, அப்ப புஷ்ஷோட வெளி விட்டம் 7.20. போட்டுக்கு ஷாப்ட் புஷ் கடையிற லேத் பட்டறை அண்ணன்கிட்ட போனேன். பித்தளையில கடைஞ்சு குடுத்தாரு. மொதல்ல 7.4 ஆயிருச்சு, மாட்டி எண்ணுனா 46க்கு மேல ஓடுது, பாட்டு கிறீச்சுன்னு போகுது. மறுபடி கடைஞ்சு 7.2. ஸ்டிக்கர் ஒரு நிமிசத்துக்கு 45 சுத்து. எண்ணுறது போதலைன்னா 133 கோடு போட்ட ஸ்ட்ரோப் வட்டத்தை வச்சு பழைய சோக் டியூப்லைட் வெளிச்சத்துல பாருங்க, 50 ஹெர்ட்ஸ்ல ஸ்பீடு சரியா இருந்தா கோடு அசையாம நிக்கும். இப்ப வர்ற எல்இடி லைட் நெறைய அப்பிடி விட்டு விட்டு எரியாது, அதுல பாத்து ஏமாறாதீங்க. புஷ் மாட்டுன அன்னிக்கு உம்மாவை சேர்ல உக்கார வச்சு முன்கட்டுக்கு கொண்டாந்தாங்க. ஒரு பாட்டு முழுசா கேட்டுட்டு, "இப்ப அவுங்க பொட்டி"ன்னாங்க.

ஊசி விசயத்துல எனக்கு அதிர்ஷ்டம். ஊசியோட அசைவை கரண்டா மாத்துற பாகத்துக்குப் பேரு கார்ட்ரிட்ஜ், இதுல இருந்தது செராமிக். க்ரிஸ்டல் கார்ட்ரிட்ஜா இருந்திருந்தா அது ரோஷல் உப்பு, ஈரத்தை இழுத்து உள்ளேயே கரைஞ்சு செத்துப் போயிருக்கும், நம்ம கடக்கரையில பழைய க்ரிஸ்டல் கார்ட்ரிட்ஜ் உயிரோட கெடைச்சா அது அதிசயம். ஊசியை மட்டும் மாத்தி, நகைக்கடை டிஜிட்டல் தராசுல ஊசி முனை எடையைப் பாத்து வச்சேன். கண் மதிப்புல வச்சா ரிக்கார்டு தேயும், இல்லாட்டி ஊசி வழுக்கும்.

ரிக்கார்டுல இன்னொரு தொல்லை. ஜூக்பாக்ஸுக்கு நடு ஓட்டை பெருசா, 38 மில்லி இருக்கணும், 1949ல ஆர்சிஏ விக்டர் 45 ரிக்கார்டு கொண்டாந்தப்பவே பெரிய ஓட்டைதான். நம்ம ஊர்ல வந்த நாய் படம் போட்ட ஈபி ரிக்கார்டுல பெரும்பாலும் சின்ன ஓட்டை, 7 மில்லி சொச்சம். அதனால ஊருக்கு வந்ததுக்கு அப்பறம் வாங்குன தமிழ் ரிக்கார்டை எல்லாம் யாரோ ஆக்சா ப்ளேடால அறுத்து ஓட்டையைப் பெருசாக்கி இருக்காங்க. ஓட்டை மையத்துல இல்ல, ஒரு மில்லி தள்ளிப் போனாலே ஒவ்வொரு சுத்துக்கும் குரல் ஊஞ்சல் ஆடும். அதைச் சரிபண்ண வழியில்ல, பதினொரு ரிக்கார்டை எடுத்து பத்திரமா தனியா வச்சாச்சு. இனிமே போடுற ரிக்கார்டுக்கு அதே லேத் அண்ணன் ஒரு வெட்டுக் கருவி பண்ணிக் குடுத்தாரு, நடுவுல 7 மில்லி ஆணி, சுத்தி 38 மில்லி வெட்டு, சின்ன ஓட்டையில ஆணி உக்காந்தா பெரிய ஓட்டை தன்னால மையத்துல விழும். கையால மெதுவா திருகணும், டிரில் மெஷின்ல போட்டா சூட்டுல ரிக்கார்டு உருகும். அபூர்வமான ரிக்கார்டை வெட்டாதீங்க, ரெண்டு காப்பி இருந்தா மட்டும் ஒண்ணை வெட்டுங்க. ஈபில ஒரு பக்கத்துக்கு ரெண்டு பாட்டு இருக்கும், இந்த மெஷின் பக்கம் முழுசா பாடிட்டுத்தான் எந்திரிக்கும், அதனால பட்டன் பக்கத்துல செருகுற பேர் அட்டையில ரெண்டு பாட்டையும் எழுதி வச்சுட்டோம். எழுதுனது காக்காவோட பேத்தி.

ஐப்பசியில மழை கொட்டுனப்ப ஒரு தடவை போய்ப் பாத்தேன். வார்னிஷ் போட்ட போர்டு நல்லா இருக்கு, ஆனா சக்கரத்துக்கு கீழ ரெண்டு காண்டாக்ட்ல பச்சை பூக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அதைத் தண்ணியில தொடைச்சு காய வச்சுட்டு, பொட்டிக்குள்ள அடியில பீங்கான் ஹோல்டர் வச்சு ஒரு 25 வாட் குண்டு பல்பு மாட்டி விட்டேன், ரிக்கார்டுல சூடு படாத மாதிரி தகரத் தடுப்போட. பழைய வானொலிப் பெட்டிக்காரங்க செய்ற வேலைதான், உள்ள ரெண்டு மூணு டிகிரி சூடு கூடுனாலே ஈரப்பதம் நல்லாக் கொறைஞ்சிரும். ராவும் பகலும் எரிஞ்சா மாசம் 18 யூனிட் வரும். காக்கா அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல. மார்கழி முடிய அணைக்க வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன், தை மாசம் போய் சக்கர பெயரிங்குக்கு எண்ணெய் விடணும்.